நெற்கொட்டாரத்துக் கதவு

நள்ளிரவு. அரண்மனை நெற்கொட்டாரத்துக்குள் ஒருவர் புகுந்து நெல்லை முகந்துகொண்டிருக்கிறார். காவலர்கள் கையும் களவுமாகப் பிடித்து அரசர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். ஏன் திருடினாய் என்று கேட்டால், சிவனடியார்களுக்கு நாள்தோறும் அமுது படைக்கிறவன் நான், இன்று வீட்டில் ஒரு மணி நெல் இல்லை, அதனால் வந்தேன் என்கிறார் பிடிபட்டவர். அரசருக்குக் கோபம் வரவில்லை. எனக்குப் பண்டாரம் என்று ஒன்று உண்டென்றால் அது இவர்தான் என்று சொல்லிக் காவலை விடுவிக்கிறார். அதோடும் நிற்கவில்லை. அடியார்கள் யாரானாலும் கொட்டாரத்து நெல்லையும் மற்றப் பொருள்களையும் கொள்ளையாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஊரெல்லாம் பறை சாற்றச் செய்கிறார்.

அந்த அரசர் இடங்கழி நாயனார், அறுபத்து மூவரில் ஒருவர். சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் அவர் பெயரைச் சொன்னார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதைக் கதையாக விரித்தார். ஊர், கோனாட்டின் தலைநகரான கொடும்பாளூர். திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகிற நெடுஞ்சாலையில் விராலிமலையைத் தாண்டினால் வருகிற அதே கொடும்பாளூர்தான். சாலையில் போகிற பேருந்துகளுக்கு இது இரண்டு நிமிட ஊர். அன்றைக்கு அப்படி இல்லை. சிலப்பதிகாரத்தில் மாங்காட்டு மறையவன் கோவலனுக்கு மதுரை வழி சொல்லும்போது, கொடும்பை நெடுங்குளத்தின் கரையில்தான் பாதை மூன்றாகப் பிரிகிறது.

இடங்கழி என்ற பெயரில் எனக்கு ஒரு தனி ஈர்ப்பு உண்டு. தமிழ் அகராதியில் அதற்கு எல்லை கடத்தல், வரம்பு மீறுதல் என்று பொருள். மலையாள நாட்டிலோ இடங்ஙழி என்பது நெல் அளக்கும் படி. நாலு நாழி கொண்டது ஒரு இடங்ஙழி. நாயனாரின் பெயருக்கு இவற்றில் எது மூலம் என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. ஆனால் அளவு கடப்பதும் அளந்து கொடுப்பதும் ஒரே ஒலியில் வந்து உட்கார்ந்திருப்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டியதாக இருக்கிறது. ஏனென்றால் மதம் நமக்குச் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் முதலாவதை. கூட்டுறவுச் சங்கம் கேட்பது இரண்டாவதை.

அந்தக் கொட்டாரத்தில் இருந்த நெல் யாருடையது? புராணம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. திருடியவர் அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை, அரசரும் தனக்கென்று பிடித்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் உயர்ந்தவர்கள்தான். ஆனால் வயலில் இறங்கி நாற்று நட்டவர், களத்தில் போரடித்தவர், வரி நெல்லை வண்டி கட்டிக் கொண்டுவந்து கொட்டியவர் என்று ஒரு மூன்றாவது கூட்டம் இருந்திருக்க வேண்டும். கதையில் அவர்களுக்கு வசனம் இல்லை.

பதினொரு ஊர், ஐம்பது துறவி

கொடும்பாளூர் மூவர் கோயிலில் இப்போது இரண்டு கோயில்கள்தான் நிற்கின்றன. நடுவில் உள்ளதும் தெற்கில் உள்ளதும் மேற்குப் பார்த்து முழுசாக இருக்க, வடக்கில் இருந்த மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சுற்றிலும் தொல்லியல் துறை வளர்த்த புல்வெளி. பரிவாரக் கோயில்களின் அடிக்கற்கள் பல் விழுந்த ஈறு மாதிரி வரிசையாகத் தெரிகின்றன. வெயில் சாய்ந்த நேரத்தில் போனால் விமானத்தின் கருங்கற்கள் பழுப்பேறித் தெரியும்.

நடுக்கோயிலின் சுவரில் கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு. கட்டியவர் பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் தலைவர். தன் பெயரில் ஒன்று, தேவியர் கற்றளி, வரகுணை இருவர் பெயரிலும் ஒவ்வொன்று என மூன்று கோயில்கள் எடுத்தார். காலம் 9-ஆம் நூற்றாண்டின் கடைசியா, 10-ஆம் நூற்றாண்டின் நடுவா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. நமக்கு முக்கியம் அடுத்து வரும் செய்தி. மதுரையைச் சேர்ந்த மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகத் துறவிக்கு அவர் ஒரு பெரிய மடத்தைக் கொடுத்தார். ஐம்பது காளாமுகத் துறவிகளுக்கு உணவும், சந்தனம், பூ, தூபம், விளக்கு, வெற்றிலைபாக்கு முதலியவையும் குறைவில்லாமல் நடக்க, பதினொரு ஊர்களை அந்த மடத்துக்கு எழுதிவைத்தார்.

காளாமுகர் என்றதும் மண்டை ஓட்டில் உண்பவர்கள், சுடலைச் சாம்பல் பூசுகிறவர்கள் என்று எதிர்த்தரப்பு வைணவ நூல்கள் பயமுறுத்தும். இராமாநுசரின் ஸ்ரீபாஷ்யத்திலேயே அந்தப் பட்டியல் இருக்கிறது. கன்னட நாட்டில் அவர்கள் பெரிய கல்விச் சாலைகளை நடத்திய படிப்பாளிகள் என்பதும் வரலாறுதான். கொடும்பாளூரில் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைவிட, பதினொரு ஊர் விளைச்சல் ஐம்பது பேருக்கு என்ற கணக்குதான் என்னை நிறுத்திவைக்கிறது. ஐம்பது பேர் சாப்பிட்டு மிஞ்சாதா? மிஞ்சும். அந்த மிச்சத்துக்கு யார் பொறுப்பு, யாரிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது கல்லில் இல்லை. கொடுத்தவர் அரசர், பெற்றவர் குரு. பதினொரு ஊர்க்காரர்கள் கொடுக்கல் வாங்கலின் பொருளாக இருந்தார்களே தவிர, பங்காளிகளாக இல்லை.

இப்படிச் சொல்வதால் அந்தக் காலத்துச் சமயத்துக்குக் கணக்கே தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. கணக்கில் அவர்கள் புலிகள். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டும் என்றால் 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுத்துவிடுவார்கள். அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு சாகாதா, கிழடாகாதா? சாகும், ஆகும். ஆனால் குட்டி ஈனும். கிழட்டு ஆட்டைக் கழித்துக் குட்டியைச் சேர்த்து, தொகை குறையாமல் இடையர் பார்த்துக்கொள்வார், நாளுக்கு ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளப்பார், மிச்சம் அவருக்கு. முதலைத் தொடாமல் பலனில் காரியம் நடத்துவதை இதைவிட அழகாகச் சொன்ன வங்கிக்காரர் யாரும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் விளக்குக்கு ஆடு பெற்ற இடையர்களுக்கு அடைகுடி என்று உறவினர்களைப் பிணையாகச் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். ஒருவர் தவறினால் மற்றவர் நெய் அளக்க வேண்டும். இன்றைய மகளிர் குழுக் கடனில் ஒருவர் தவணை தவறினால் மற்றவர்கள் சேர்ந்து கட்டுகிறார்களே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. அதே கோயில் ஊர்ச்சபைகளுக்குக் கடனும் கொடுத்தது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை.

கடவுள் இங்கே சாவாத மூவாத உடைமையாளர். அரசர் மாறலாம், வம்சம் அழியலாம், சிவன் பெயரில் உள்ள முதல் மாறாது. சட்டப்படி ஒரு நிறுவனத்துக்குத் தனி ஆள் என்ற தகுதி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டுக் கோயில் அதை நடைமுறையில் வைத்திருந்தது. சங்கம் என்பது உறுப்பினர் போய்ச் சேர்ந்தாலும் நிலைக்கிற ஒரு ஆள் என்ற எண்ணம் நமக்கு அந்நியமானதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

கொடும்பாளூருக்கு இன்னொரு முகமும் உண்டு. அது வணிகர் முகம். கொடும்பாளூர் மணிகிராமத்தார் என்ற வணிகக் குழுவைச் சோழர் காலக் கல்வெட்டுகள் பேசுகின்றன. மணிகிராமத்தார் என்ற பெயர் கடல் தாண்டியும் கிடைக்கிறது. தாய்லாந்தின் தகுவா பாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டில் அவனிநாரணம் என்ற குளத்தை அவர்கள் காவலில் விட்டிருக்கிறார்கள். முன்பின் தெரியாத தேசத்தில் போய்க் குளம் வெட்டி, அதை ஒரு குழுவின் பொறுப்பில் விடுகிற மனநிலை எப்படி வந்தது? வழியில் கொள்ளை, கடலில் புயல். தனியாகப் போனால் பிழைக்க முடியாது. பக்தி அதற்குப் பிறகுதான். குழுவுக்கு ஒரு தெய்வம், கோயிலுக்கு மகமை என்று அவர்கள் வைத்துக்கொண்டதை, தொழிலில் வாக்குத் தவறாமல் இருக்க ஒரு சாட்சியை ஏற்படுத்திக்கொண்டதாகவே நான் பார்க்கிறேன்.

ஜெர்மானிய ஊரில் ஒரு கொட்டாரம்

இடங்கழி கதையை ஒத்த இன்னொரு சம்பவம் 1846-47 குளிர்காலத்தில் ஜெர்மனியின் வெய்யர்புஷ் என்ற சிற்றூரில் நடந்தது. விளைச்சல் பொய்த்துப் பஞ்சம். அரசுக் கிடங்கிலிருந்து மாவு வந்தது, ரொக்கத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவோடு. ஏழைகளிடம் ரொக்கம் ஏது? ஊர்த் தலைவராக இருந்த 28 வயது ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் உத்தரவை ஓரம் வைத்துவிட்டுக் கடனுக்குக் கொடுத்தார். வசதியானவர்களைச் சேர்த்து ரொட்டிச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, அடுப்புக் கட்டி, சந்தை விலையில் ஏறத்தாழப் பாதிக்கு ரொட்டி போட்டார். புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர், பசித்தவனுக்குக் கொடுப்பது கிறிஸ்துவுக்கே கொடுப்பது என்று நம்பியவர். நம்மூர் மாகேசுர பூசையின் கருத்தும் அதுதான். அடியார் வயிறு நிறைந்தால் ஆண்டவனுக்குப் பூசை ஆயிற்று.

ரைஃபைசன் கதை அங்கே முடிந்திருந்தால் அவரும் ஒரு நாயனாராகப் போயிருப்பார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அவர் கண்டது வேறு. பணக்காரர்களின் இரக்கத்தில் ஓடுகிற சங்கம் கொஞ்ச காலத்தில் இளைத்துவிடுகிறது. பிணை நிற்க முதலில் முன்வந்தவர்கள் பிறகு பின்வாங்குகிறார்கள். வாங்குகிறவர்களும் கூனிக்குறுகிப் போகிறார்கள். 1864-இல் ஹெட்டஸ்டார்ஃபில் அவர் மாற்றி அமைத்த கடன் சங்கத்தில் கடன் வாங்குகிறவர்தான் உறுப்பினர், உறுப்பினர்தான் உரிமையாளர். ஒருவர் கடனுக்கு எல்லாரும் முழுப் பொறுப்பு. எல்லை ஒரு தேவாலயப் பங்கு அளவுக்கு மேல் போகக் கூடாது, ஏனென்றால் ஒருவர் குணம் மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது.

அவர் பக்தியை விட்டுவிடவில்லை. கடைசி வரைக்கும் கிறிஸ்தவ அன்புதான் இதன் வேர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாற்றியது கதவின் சாவியை. திறந்துவிடுகிற ஒருவர் கையிலிருந்து அது நிரப்புகிறவர்கள் கைக்குப் போயிற்று.

அதே காலத்தில் இங்கிலாந்தின் ராச்டேலில் 1844-இல் கடை திறந்த 28 தொழிலாளிகள் வேறு வழியில் போனார்கள். சங்கத்துக்குள் மதமும் அரசியலும் நுழையக் கூடாது, யார் வேண்டுமானாலும் உறுப்பினராகலாம் என்றார்கள். அவர்களில் பலர் பக்திமான்கள்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு சபை. அதைச் சங்கத்துக்குள் கொண்டுவந்தால் மாவும் வெண்ணெயும் விற்கிற கடை ஒரு வாரம் தாங்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ரைஃபைசன் முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்த வழி சென்னை வழிதான். சென்னை மாகாண அரசு ஃபிரெட்ரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பி, விவசாயிகளுக்கு நில வங்கி அமைக்க முடியுமா என்று பார்க்கச் சொன்னது. 1895-லும் 1897-லும் இரண்டு தடித்த தொகுதிகளாக அறிக்கை கொடுத்த அவர், ஒரு ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள் என்கிற கருத்தில் முடித்தார். அதாவது, சட்டம் போட்டால் மட்டும் போதாது, ஊரில் ஒரு ஆள் வேண்டும். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது; அதே ஆண்டு திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் விவசாயக் கடன் சங்கம் பதிவாயிற்று. கொடும்பாளூர் அப்போது புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் இருந்தது. தங்களைப் பிரகதாம்பாள் தாசர் என்று சொல்லிக்கொண்ட தொண்டைமான்கள், நவராத்திரியில் அரிசியோடு அம்மன் காசு கொடுத்துக்கொண்டிருந்த நாடு அது. நாணயத்தின் ஒரு பக்கம் அம்மன், மறுபக்கம் தெலுங்கில் விஜய என்ற எழுத்து. தானமும் நாணயமும் ஒன்றாகப் புழங்கிய இடத்துக்குத்தான் சங்கம் என்ற புது வழக்கம் வந்து சேர்ந்தது.

சாமி முன்னாடி கணக்கு

நிக்கல்சன் ஜெர்மனியில் தேடியதில் ஒரு பாதி புதுக்கோட்டைக் கண்மாய்க் கரைகளிலேயே இருந்தது என்பது என் கட்சி.

இந்தப் பகுதியில் எந்தக் கண்மாய்க்குப் போனாலும் கரையில் அய்யனார் இருப்பார். மடைக்குப் பக்கத்தில் கருப்பர் இருப்பார். மண்குதிரைகள் வரிசையாக நிற்கும். புரவியெடுப்பு வைக்க ஊர் முடிவு செய்தால் தலைக்கட்டு வரி போடுவார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. வசதிக்காரருக்கும் கூலிக்காரருக்கும் அதே. கண்மாய் மீனை, கரை மரத்தை ஏலம் விட்ட பணமும் பொதுவில் சேரும். திருவிழா முடிந்து பந்தல் பிரிக்கிற நாளில் கோயில் வாசலில் கூடி உட்கார்ந்து வரவு செலவை வாசிப்பார்கள். மேளத்துக்கு இவ்வளவு, வேளாருக்கு இவ்வளவு, வாண வேடிக்கைக்கு இவ்வளவு. வேட்டியை மடித்துக் கட்டி ஓரமாகக் குத்தவைத்திருக்கிற ஒருவர் நடுவில் எழுந்து, வெற்றிலைக் கணக்கு மட்டும் ஏன் போன தடவையைவிட இரண்டு மடங்கு என்று கேட்பார். பதில் சொல்லியாக வேண்டும். சாமி காசில் கைவைத்தவன் வீடு விளங்காது என்ற பயம் எந்தத் தணிக்கை அதிகாரிக்கும் கிடைக்காத ஒரு பக்கபலம்.

அதே வாசலில்தான் இதன் அழுக்கும் கிடக்கிறது. தலைக்கட்டு என்று யாரை எண்ணுவது? பல ஊர்களில் தலித் குடும்பங்களிடம் வரி வாங்க மாட்டார்கள். இது சலுகை அல்ல. வாங்கினால் முதல் மரியாதையில், கணக்குக் கேட்பதில், தேர் வடம் தொடுவதில் பங்கு கொடுக்க வேண்டி வருமே! கணவனை இழந்த பெண்ணின் வீட்டை அரைத் தலைக்கட்டு என்று எண்ணும் வழக்கமும் உண்டு. 919, 921-ஆம் ஆண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை மேடைக்கு மேடை கொண்டாடுகிறோம். ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுத்தார்கள், கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் தள்ளி வைத்தார்கள் என்பதெல்லாம் உண்மையிலேயே பெருமைக்குரியது. அந்தக் குடத்தில் பெயரோலை இடம்பெறத் தகுதி பெற்றவர்கள் நிலம் உள்ள, வேதம் கற்ற பிராமண ஆண்கள் மட்டும் என்பதும் அதே கல்வெட்டில்தான் இருக்கிறது.

ஆகவே மதத்திடமிருந்து சங்கம் எடுத்துக்கொள்ள வேண்டியது பயத்தோடு கணக்கு வாசிக்கும் பழக்கத்தை. விட்டுவிட வேண்டியது, உறுப்பினர் பட்டியலை. பங்குத்தொகை கட்டினால் யாரும் உறுப்பினர், எவ்வளவு பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற இரண்டு வரி விதியை எந்த ஊர்க் கோயிலும் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு ராச்டேல் நெசவாளிகள் தேவைப்பட்டார்கள்.

மாவட்டத்தின் கிழக்கே போனால் இன்னொரு பாடம் கிடைக்கும். கீரமங்கலம், வடகாடு பக்கமும் அடுத்த பேராவூரணிப் பக்கமும் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். ஒரே பந்தலில் பல பேர் சேர்ந்து நடத்துவார்கள். அழைப்பிதழில் எல்லார் பெயரும் இருக்கும். ஆட்டுக்கறிச் சாப்பாடு ஒரு பக்கம், ஒவ்வொருவருக்கும் தனித்தனி மேசை போட்டு மொய் எழுதுவது ஒரு பக்கம். முதன்முதலாக ஒருவர் வைக்கிற மொய்க்குப் புதுநடை என்று பெயர். ஐந்து ஆண்டு சுற்றுக்குள் வாங்கிய இடத்துக்கெல்லாம் திருப்பிச் செய்துவிட வேண்டும். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. மொய் நோட்டும் மானமும்தான். காதுகுத்து, கல்யாணம் என்று சடங்கோடு பிறந்த பழக்கம், சடங்கு தேய்ந்தபின் நிதியாக நின்றுவிட்டது. கஜா புயலும் கொரோனாவும் அடித்தபோது சுற்று அறுந்து பல வீடுகள் தவித்தன. இதற்குக் காப்பு நிதியோ முறையிடப் பேரவையோ கிடையாது. கல்வெட்டு ஆடுகளுக்கு இருந்த அடைகுடிகூடக் கிடையாது.

தள்ளுபடியும் கொள்ளையும்

இப்போது சொசைட்டிக்கு வருவோம். ஊரில் அதன் முழுப் பெயரைச் சொல்கிறவர் இல்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்று பலகையில் இருக்கும். தமிழ்நாட்டில் இப்படி 4,400-க்கும் மேல் இருக்கின்றன. சிட்டா, அடங்கல், ஆதார் நகலோடு போனால் பயிர்க்கடன். தாலிக்கொடியோடு போனால் நகைக்கடன். யூரியா, டி.ஏ.பி. வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கம்பிக் கூண்டுக்கு முன்னால் நிற்கிற கூட்டம். பக்கத்துக் கட்டடத்தில் ரேஷன் கடையும் பெரும்பாலும் கூட்டுறவுதான் நடத்துகிறது.

அந்தக் கூட்டத்தில் நிற்கிற ஒருவரிடம் சொசைட்டி யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். கவர்ன்மென்ட்டுது என்பார். அவர் தப்பாகச் சொல்லவில்லை. அவர் பார்த்த சொசைட்டி அப்படித்தான். பல ஆண்டுகள் தேர்தலே இல்லாமல் தனி அலுவலர் கையில் இருந்தது. தேர்தல் நடந்தபோது எந்தக் கட்சி ஆட்சியோ அந்தக் கட்சிக்காரர் தலைவரானார். 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. 2006-லும் வந்தது. ஐந்து பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடியும் பிறகு வந்தது.

பறை சாற்றி, கொட்டாரத்தைத் திறந்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிற அந்தப் பழைய காட்சி நினைவுக்கு வருகிறதா? எனக்கு வந்தது. வறட்சியில் கருகிய பயிருக்குக் கடன் கட்டு என்று எவரையும் நெருக்குவது கொடுமை. தள்ளுபடி கூடாது என்று குளிரூட்டிய அறையிலிருந்து சொல்வது சுலபம். நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் தள்ளுபடி அறிவிப்பில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒழுங்காகக் கட்டியவர் ஏமாளியாகிறார். அடுத்த தேர்தல் வரட்டும் என்று காத்திருந்தவர் கெட்டிக்காரராகிறார். சங்கத்தின் உறுப்பினர், வள்ளலின் வாசலில் நிற்கும் இரவலராகிறார். இடங்கழியாவது தன் கொட்டாரத்தைத் திறந்தார். இங்கே திறக்கப்படுவது உறுப்பினர் பங்கும், அக்கம்பக்கத்தார் போட்ட வைப்புத்தொகையும் இருக்கிற பெட்டி. அரசு அந்தத் தொகையைச் சங்கத்துக்குத் தவணை தவணையாகத் திருப்பிக் கொடுக்கும்வரை, சங்கம் அடுத்த கடனுக்குக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்.

கூட்டுறவுக்கும் தானத்துக்கும் உள்ள இந்த இழுபறியை முழுசாக யோசித்த ஒரு தமிழர் உண்டு. தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி.குமரப்பா. கிறிஸ்தவர், காந்தியர், கணக்காய்வாளர். மூன்றும் ஒருவரிடமே அமைவது அபூர்வம். சிறையில் இருந்தபோது எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில் அவர் உயிர்கள் பிழைக்கிற வழிகளை ஐந்தாகப் பிரித்தார். ஒட்டுண்ணி, பறித்துண்பது, உழைத்துக் கொள்வது, தேனீக்கள் போலக் கூட்டமாகச் சேர்த்து வாழ்வது, கடைசியாகத் தாய்ப்பறவை குஞ்சுக்கு ஊட்டுவது போல எதையும் எதிர்பாராமல் செய்கிற தொண்டு. இவற்றில் தொண்டுதான் அவருக்கு உச்சம். தேனடை அதற்கு ஒரு படி கீழே. ஆன்மிகமாகப் பார்த்தால் குமரப்பா சொல்வது சரிதான். ஆனால் ஊர் நடத்த எனக்குத் தேனடை போதும். தாய்ப்பறவை எல்லாக் கூட்டிலும் இருக்கும் என்று திட்டம் போட முடியாது. தேனீயிடம் இன்னொரு நல்ல குணமும் உண்டு. தனக்குத் தேன் எடுக்கப் போகிற போக்கில் பக்கத்துத் தோட்டத்துப் பூவையும் காய்க்க வைத்துவிட்டுப் போகும்.

தேனடை வேலை செய்த இடங்கள் கொடும்பாளூர் வழியாகப் போகிற அந்த மதுரைச் சாலையின் இரு பக்கமும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டைப் பெண்களுக்கு எழுத்தையும் சைக்கிளையும் கொடுத்த காலத்தில், குடுமியான்மலை வட்டாரத்தில் கல் உடைத்துக்கொண்டிருந்த ஏழைப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிக் குத்தகையைத் தாங்களே எடுத்தார்கள். அதுவரை குத்தகைதாரர் கொடுத்த கூலியை வாங்கிக்கொண்டு போனவர்கள், ஜல்லிக்கு விலை சொல்ல ஆரம்பித்தார்கள். அதை எதிர்த்தவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் தெற்கே, மதுரையில் 1990-இல் தொடங்கிய பெண்கள் சேமிப்புக் குழு இயக்கத்துக்குக் களஞ்சியம் என்று பெயர். பெயர் வைத்தவர்களுக்கு இடங்கழி கதை ஞாபகத்தில் இருந்ததோ இல்லையோ, சொல் சரியாக வந்து விழுந்திருக்கிறது. அழகர்கோயில் பக்கத்துப் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அதன் முகமானார். நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் திரட்டிப் போகிற கொத்துத் தலைவியாக இருந்த விவசாயக் கூலிப் பெண். 1999-ஆம் ஆண்டுக்கான ஸ்திரீ சக்தி விருதைக் கொடுக்கும்போது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ வந்தது. அரசர் அடியாருக்குத் தலைகுனிந்த காட்சிதான் மறுபடியும். ஒரு பெரிய வித்தியாசம், இந்தக் களஞ்சியத்தில் இருந்தது கூலிப்பெண்கள் வாராவாரமும் மாதாமாதமும் போட்ட காசு. திறக்கச் சொல்லி எவரிடமும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை.

ஐப்பசிக் கார்த்திகை நட்சத்திரத்தில் இடங்கழி நாயனாருக்குக் குருபூசை. சிவன் கோயில்களில் அறுபத்து மூவர் வரிசையில் அவருக்கும் ஒரு மாலை விழும், அன்னதானமும் இருக்கும். பந்தியில் உட்காருங்கள், தப்பில்லை. அப்படியே உங்கள் சொசைட்டிக்கும் ஒரு நடை போங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது உறுப்பினர் பேரவையைக் கூட்ட வேண்டும் என்பது சட்டம். அடுத்த பேரவை என்றைக்கு என்று செயலாளரிடம் கேளுங்கள். தேதி தெரிந்தால் அன்று போய் உட்கார்ந்து, வரவு செலவை ஒரு வரி விடாமல் வாசிக்கச் சொல்லுங்கள். வெற்றிலைக் கணக்கு இடித்தால் எழுந்து கேளுங்கள்.